அலுமினிய நுரை

ஆய்வுக்கூடத்தில் பம்பு முனகத் தொடங்கியதுமே, பெட்டியை மூடிக் கொடுத்த பட்டறைக்காரன் நான் கிட்டே போனேன். ஆராய்ச்சி மாணவி அளவு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள். சூடு ஏறிக்கொண்டே போனது. தண்ணீரோ பெட்டிக்குள் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது.

பெட்டிக்குள் இருப்பது அலுமினிய நுரை. பார்த்தால் பாத்திரம் தேய்க்கும் பஞ்சு மாதிரி, உடம்பெல்லாம் ஓட்டை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நுழைந்து நுழைந்து தண்ணீர் ஓடும். போகிற வழியெல்லாம் சூட்டை வாரிக்கொண்டு போகும். "அறுத்து, அப்படியே பெட்டியில வச்சு மூடிடுங்கண்ணே" என்றுதான் அவள் சொன்னாள். அறுத்தேன். வெட்டிய முகம் எலி கொறித்ததுபோல் பிசிறு பிசிறாக இருந்தது. இப்படியா ஒரு வேலையைக் கொடுப்பது? கை சும்மா இருக்கவில்லை. அரத்தை எடுத்து, முன்முகம் பின்முகம் இரண்டையும் அராவித் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. பெருமையாகத்தான் மூடியை முடுக்கினேன். அந்த மெத்தென்ற உலோகம் நசுங்கி, ஓட்டைகளின்மேல் தோலாகப் படிந்திருக்கும் என்பது, பம்பு முனகும்போதுதான் என் புத்திக்கு எட்டியது.

பேராசிரியர் வந்து எட்டிப் பார்த்தார். "தண்ணி உன் கணக்கப் படிக்கலபோல இருக்கேம்மா" என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "ஆய்வேட்டுல அந்த அத்தியாயத்தத் தூக்கிப் போடு. மொதல்லேர்ந்து ஆரம்பி."

வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.

பட்டறையில் லேத் ஓட்டும் மச்சானிடம் போய்ச் சொன்னேன். "ஒன்ன யாராச்சும் கேட்டாங்களா? பெரிய அரிச்சந்திரன்! அந்தப் பொண்ணு படிச்சவ, வேற கணக்குப் போட்டுக்குவா. ஒனக்கு இந்த வயசுல எவன் வேலை குடுப்பான்?" என்றான். நியாயம்தான் என்று சொல்லிக்கொண்டே சோற்றைப் பிசைந்தேன். பாதியிலேயே டப்பாவை மூடினேன்.

திரும்பிப் போனபோது அவள் கரும்பலகையிலிருந்த தன் கணக்கை அழித்துக்கொண்டிருந்தாள். நான் எழுத்துக் கூட்டத் தொடங்கியதே தலை நரைத்த பிறகு. அந்தப் பலகையில் ஒரு வரிகூட எனக்குப் புரிந்ததில்லை. அழிவது மட்டும் புரிந்தது. பாதிக்குமேல் போய்விட்டது.

"உங்க வேலையில ஒரு குத்தமும் இல்லண்ணே. ஒரு சொட்டு ஒழுகல. என் மண்டைதான் சரியில்ல" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இன்னும் முனகிக்கொண்டிருந்த பம்பை நிறுத்தினேன். திருப்புளியால் மூடியைக் கழற்றி, சொட்டச் சொட்ட அந்தக் கட்டியை வெளியே எடுத்தேன்.

"என்னண்ணே பண்றீங்க?"

"அந்தப் பக்கம் கைய வை, தங்கச்சி."

அவள் ஒன்றும் விளங்காமல் உள்ளங்கையை விரித்துக் கட்டியின் பின்னால், ஈரம் படாமல் பிடித்தாள். நான் முன்முகத்தில் வாயை வைத்து ஊதினேன். கன்னம் உப்பியது, காது அடைத்தது, கண்ணில் நீர் முட்டியது. இன்னும் பலமாக ஊதினேன். அவள் உள்ளங்கையில் படிந்திருந்த சாக்பீஸ் தூள் அசையவே இல்லை.