தீர்ந்தது என்று குறி போட்ட கேள்வி

இடுப்பு விட்டுப்போனவனுக்குப் பகல் என்பது கூரையைப் பார்த்துக் கிடப்பதுதான். பத்தொன்பது வருடம் சலவைக்கூடங்களில் மெஷினுக்கு அடியில் மல்லாக்கப் படுத்து ஸ்பானர் பிடித்தேன். அதற்குக் கிடைத்தது முதுகின் அடிப்பகுதியில் ஆணி அடித்தாற்போல ஒரு வலி. இருமினால் ஆணி இறங்கும். தும்மினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பலகைமேல் படுத்து, நெஞ்சின்மேல் போனை நிறுத்திக்கொண்டு, மன்றத்தை நடத்தினேன்.

மன்றம் என்றால், சலவை மெஷின் பழுது பார்க்கிறவர்கள் இணையத்தில் கேள்வி கேட்டுப் பதில் சொல்லிக்கொள்ளும் இடம். நாலாயிரம் பேர். விதிகள் பன்னிரண்டும் நான் எழுதியவை. தலைப்பில் மெஷின் பெயர் இருக்க வேண்டும். பெயர்த் தகட்டைப் படமெடுத்துப் போட வேண்டும். கேட்குமுன் பழைய பதிவுகளைத் தேட வேண்டும். 'அவசரம்' என்று எழுதக் கூடாது. நன்றி சொல்லக் கூடாது, இடத்தை அடைக்கும். எல்லாருக்கும் தெரிந்ததைப் பதிலில் எழுதக் கூடாது. கேட்டவன் ஏழு நாள் வாய் திறக்காவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். பச்சைக் குறி போட்டுவிடுவேன். என்னை எல்லாரும் வாத்தி என்றார்கள். வேலை பார்த்த இடத்தில் எவனும் என்னைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை, 'ஏய்'தான். வாத்தி எனக்குப் பிடித்திருந்தது.

அன்று காலை ஒரு புது ஆள் வந்தான். 'ஆறாம் நம்பர்' என்று பெயர் வைத்திருந்தான்.

"அவசரம். துணி பிழியற மெஷின் ஓடல. மூடி நல்லா மூடித்தான் இருக்கு, ஆனா திறந்திருக்குன்னு சிவப்பு லைட் எரியுது. மெக்கானிக் வேலைய விட்டுப் போயிட்டாரு. மதியத்துக்குள்ள ஓடலேன்னா நாளையிலிருந்து வராதேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. அண்ணன்மாரே, உதவுங்க."

ஒரே பதிவில் மூன்று விதி மீறல். எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

"இங்க உனக்கு அண்ணன்மார் யாரும் இல்ல தம்பி," என்று எழுதினேன். "அவசரம்னா ஆம்புலன்ஸுக்கு போன் போடு."

நாற்பது பேர் சிரித்தார்கள். நட்டு என்று ஒருவன் உண்டு, எனக்கு வால். நான் அடித்த இடத்தில் அவனும் அடிப்பான். "டாக்டர்கிட்ட போயி வலிக்குதுன்னு மட்டும் சொல்லிட்டு, எங்கன்னு சொல்லாம உக்காந்திருப்பியா? தகடு படம் எங்கடா?"

"மன்னிச்சிருங்க அண்ணா. தகடு தேஞ்சிருச்சு, எழுத்தே தெரியல."

"மெஷினும் தேஞ்சுபோச்சு, மூளையும் தேஞ்சுபோச்சா?" என்றான் நட்டு.

நான் ஒன்பது வருடத்துக்கு முந்தைய பதிவு ஒன்றின் இணைப்பைப் போட்டேன். இதே கோளாறு. பதில் என்னுடையது, பச்சைக் குறியோடு: மூடிச் சுவிட்சின் இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கு, ஓடும். அவ்வளவுதான். அந்தச் சுவிட்ச் வேலை செய்கிறவரை மூடியைத் திறந்தால் மெஷின் நின்றுவிடும். ஒயரை முறுக்கிவிட்டால் மூடி திறந்தாலும் உள்ளே டிரம் சுற்றிக்கொண்டே இருக்கும். இது எங்களில் எவனுக்கும் தெரியும். அதனால் எழுதவில்லை.

"தேடிட்டுக் கேளு," என்று எழுதிவிட்டு, மேற்கொண்டு யாரும் எழுத முடியாதபடி பதிவைப் பூட்டினேன். பூட்டு விழுவதற்குள் ஒரு வரி உள்ளே நுழைந்துவிட்டது.

"ஒரே ஒரு சந்தேகம் அண்ணா. முறுக்கினதுக்கப்புறம், மூடியத் திறந்தா டிரம் தானா நிக்குமா?"

அதைப் படித்தேன். என் மனைவியும் படித்தாள். அட்டைப்பெட்டி ஒட்டும் வேலைக்குக் கிளம்பியவள், எனக்கு மாத்திரை கொடுக்கக் குனிந்திருந்தாள்.

"பாவம்யா. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன்."

"பூட்டியாச்சு. ஒருத்தனுக்காகத் திறந்தா நாளைக்கு நாலாயிரம் பேரும் கதவத் தட்டுவானுங்க."

"நீ குளியலறையில மடங்கி விழுந்தப்ப நான் எந்த விதியப் படிச்சிட்டு உன்னத் தூக்கினேன்?"

"உனக்கு இதெல்லாம் புரியாது, போ."

"புரியாமலே இருக்கட்டும்," என்று தண்ணீர் டம்ளரைக் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

ஏழு நாள் ஆறாம் நம்பர் வரவில்லை. எட்டாம் நாள் பச்சைக் குறி போட்டேன். தீர்ந்தது.

அதற்கடுத்த வாரம் எனக்கு ஒரு தனிச்செய்தி வந்தது.

"சார், நான் ஆறாம் நம்பரோட தங்கச்சி. அக்கா அன்னிக்கு ஒயர முறுக்கி மெஷின ஓட்டிட்டா. நேரமாச்சுன்னு மூடியத் திறந்து துணிய எடுக்கக் கை விட்டா. ஈரத்துணி கையச் சுத்தி இழுத்துருச்சு. வலது கை முழங்கைக்கு மேல எடுத்துட்டாங்க. கம்பெனிக்காரங்க உங்க பக்கத்தப் பிரிண்ட் எடுத்து வச்சிருக்காங்க. விவரம் கேட்டு, தெரிஞ்சுகிட்டு, தப்பா செஞ்சது அவதானாம். தீர்ந்ததுன்னு பச்சை போட்டிருக்காம். ஆஸ்பத்திரி செலவக்கூடத் தர மாட்டேங்கறாங்க. அக்கா கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லலன்னு நீங்க அதே இடத்துல ஒரு வரி எழுதினா போதும் சார்."

அக்கா. நான் தம்பி என்றல்லவா எழுதியிருந்தேன்.

ஒரு வரிதான். ஆனால் அந்த வரிக்குக் கீழே என் பெயர் இருக்கும். நட்டு பார்ப்பான். நாலாயிரம் பேரும் பார்ப்பார்கள். வாத்தி தப்புப் பண்ணிவிட்டார் என்று ஒருவன் சொன்னால் மறுநாள் நான் பலகைமேல் கிடக்கிற ஒரு பழைய ஏய். விரல் தானாகப் பழகிய இடத்துக்குப் போனது.

"விதி ஒன்பது. தனிச்செய்தியில் கேட்கக் கூடாது. பொதுவில் கேட்கவும்."

அவள் பொதுவிலும் கேட்டாள். தலைப்பு: 'அக்கா கை'.

முதல் பதில் நட்டுவுடையது. "தலைப்புல மெஷின் பேர் எங்கம்மா?"

இன்னொருவன் எழுதினான்: "இது பழுது பார்க்கிற மன்றம், புலம்பல் மன்றம் இல்ல." பன்னிரண்டு பேர் அதற்குக் கட்டைவிரல் காட்டினார்கள். அவள் மறுபடி எழுதினாள்: "ஒரு வரி சார்." எல்லாரும் எனக்காகக் காத்திருந்தார்கள். நான் பதிவைப் பூட்டினேன்.

அப்புறம் ஒன்பது வருடத்துக்கு முந்தைய பதிவைத் திறந்தேன். அன்று கேள்வி கேட்டவன் யாரென்று ஒருநாளும் பார்த்ததில்லை. பெயரைத் தொட்டேன். அவன் கடைசியாக மன்றத்துக்குள் வந்த தேதி, நான் பதில் சொன்ன அதே தேதி. அதற்குப் பிறகு ஒருமுறைகூட வரவில்லை. ஏழு நாள் கழித்து அதிலும் நான்தான் பச்சை போட்டிருக்கிறேன்.

சாயங்காலம் மனைவி வந்தாள். கையில் பசை காய்ந்திருந்தது.

"அந்த ஆளுக்குக் கடைசியில என்னதான் சொன்ன?"

"தீர்ந்துடுச்சு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். போனைப் பிடுங்கிப் பார்த்தாள். நிதானமாக, கடைசி வரை படித்தாள். பிறகு அதை என் நெஞ்சின்மேல் கவிழ்த்து வைத்தாள்.

"இனிமே தூக்கிவிட ஆள் வேணும்னா உன் மன்றத்துல எழுதிப் போடு. தகடு படத்தோட."

இரண்டு பச்சைக் குறிகளும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. கம்பெனியோடு கேஸ் நடக்கிறது என்று கேள்வி. பூட்டுக்கு மேலே ஆறாம் நம்பரின் கடைசி வரியும் அப்படியே நிற்கிறது. மூடியத் திறந்தா டிரம் தானா நிக்குமா? அதற்கு ஒரே ஒரு சொல்தான் பதில். அந்தச் சொல்லை அவளுக்கு நான் இன்னும் கொடுக்க வேண்டியிருக்கிறது: நிற்காது.