இரண்டு தாய்மாமன், ஒரு மடி

என் அண்ணனும் தம்பியும் பேசி ஆறு வருஷம் ஆகிறது. வேப்பூரில் இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதில் தம்பி ஒரு ஜன்னல் வைத்தான். அவ்வளவுதான் சண்டை. அன்றிலிருந்து அவர்களுக்குள் போகவேண்டிய சேதியெல்லாம் விருத்தாசலத்தில் இருக்கிற என் வழியாகத்தான் போகிறது. நான் என்ன போஸ்டாபீஸா?

வரும் ஞாயிற்றுக்கிழமை என் மகள் கனிஷ்காவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். குழந்தை மற்றவன் மடியில் உட்கார்ந்தால் நான் வரமாட்டேன் என்று இரண்டு பேரும் தனித்தனியாகச் சொல்லிவிட்டார்கள். கூடப் பிறந்தவர்களில் ஒருத்தர் வராமல் என் வீட்டில் விசேஷமா? எனக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

தம்பி இளவழகனுக்கு வீடுதான் வேப்பூரில், பார்ப்பது பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. மூன்று பேரும் சேர்ந்து பேசலாம் என்று அவனிடம் கெஞ்சினேன். தன் கம்பெனியில் செய்த ஓர் ஆப்பைப் போட்டுக்கொள்ளச் சொன்னான்.

"இதுல நடுவுல சர்வரே கெடையாதுக்கா. நம்ம மூணு போனும் ஒண்ணோட ஒண்ணு நேரா பேசிக்கும். அஞ்சாறு பேருக்கு மேல தாங்காது. ஆனா யாரு பாதியில போனாலும் மத்தவங்களுக்கு அறுந்து போவாது" என்றான். நான் இருந்த இருப்பில் அதையெல்லாம் யார் காதில் வாங்கினது? அண்ணனையும் கெஞ்சி அந்த ஆப்பைப் போட வைத்தேன்.

நான் வேலை செய்கிற செராமிக் பொம்மைக் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் போனைப் பலகையில் சாய்த்து வைத்து இரண்டு பேரையும் கூப்பிட்டேன். பக்கத்தில், பொம்மை அச்சில் ஊற்றுகிற களிமண் கூழ் தொட்டி நிறைய இருந்தது.

"அனுசியா, மூத்தவன் நான் இருக்க சொல்ல அவன் எப்படி மடி குடுப்பான்னு கேளு" என்றார் அண்ணன் சிங்காரவேல்.

"உன் பெரிய புள்ளைக்கு அவருதானே குடுத்தாரு, கேளுக்கா" என்றான் தம்பி.

ஒருத்தர் பேசுவது மற்றவருக்கு நன்றாகவே கேட்கிறது. ஆனாலும் நடுவில் நான் சொல்லணுமாம்!

"நீங்களும் வேணாம், உங்க மடியும் வேணாம்!" என்று பலகையில் ஓங்கி அடித்தேன். போன் குப்புறக் கூழுக்குள் விழுந்தது.

அள்ளி எடுத்தேன். துடைத்து, உதறி, காய வைத்து வெகுநேரம் போராடினேன். செத்துக் கிடந்தது. அய்யோ, கூப்பிட்டவளே போய்விட்டால் பேச்சும் போச்சே! கொரோனா சமயத்தில் டீச்சர் வெளியே போனால் என் பெரிய பையனின் ஆன்லைன் கிளாஸே மூடிக்கொள்ளும். இனி இந்த இரண்டு பேரையும் எந்தக் காலத்தில் ஒன்றாகப் பிடிப்பேன்? கூட வேலை செய்கிற காவியாவின் போனை வாங்கி, மனப்பாடமாக இருந்த அண்ணன் நம்பரை அடித்தேன். கட் செய்தார். மறுபடி அடித்தேன். மறுபடி கட். மூன்றாவது தடவைதான் எடுத்தார்.

"அண்ணே, நான்தான், போனு..."

"சும்மா சும்மா அடிக்காத. தம்பிகிட்ட பேசிக்கிட்டு இருக்கேன்."

தம்பியா? ஆறு வருஷமாக வெறும் 'அவன்'தானே!

"நான் இல்லாமயா பேசறீங்க?"

"நீ போயி அரைமணி நேரம் ஆவுது. வலது காது என் மடியில, இடது காது அவன் மடியில. அது முடிஞ்சிடுச்சு. இப்ப ஜன்னலப் பத்தி பேசுறோம். வெச்சிடு."

வைத்துவிட்டார். நான் களிமண் மாவு மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கண்ணிலிருந்து கொட்டுகிறது, சிரிப்பும் வருகிறது.

"போனு போயிடுச்சுன்னு அழுவுறீங்களாக்கா?" என்றாள் காவியா.

"போனா போவுதுடி" என்றேன். "சோத்து டப்பாவ எடு. பசிக்குது."