தார் கசிந்த பந்து

எங்களோடு ஆட யாரும் வரவில்லை. நங்கூரம் கிளப்பின் முதல் இரண்டு வருடத்தை இந்த ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

புரூக்ளினில் அப்போது தெருவுக்குத் தெரு பேஸ்பால் கிளப் முளைத்துக்கொண்டிருந்தது. ஊர் வீங்கிக்கொண்டே போனது. நேற்று முட்டைக்கோஸ் விளைந்த நிலத்தில் இன்று செங்கல் சுவர் நிற்கும். மிச்சமிருந்த காலி மனைகளில் மணல் மூட்டைகளைச் சுற்றிலும் போட்டுவிட்டு எவனாவது மட்டையைச் சுழற்றிக்கொண்டிருப்பான். வங்கிக் குமாஸ்தாக்களுக்கு ஒரு கிளப், துணிக்கடை முதலாளிகளின் பிள்ளைகளுக்கு ஒன்று, தீயணைப்புக்காரர்களுக்கு ஒன்று. கிளப் என்றால் தலைவர், செயலாளர், விதித்தாள் எல்லாம் உண்டு. ஒரு கிளப் இன்னொன்றுக்கு மரியாதையாகக் கடிதம் எழுதிச் சவால் விடும். சவால் விட்டவர்கள் பந்து கொண்டுபோக வேண்டும். இடம் கொடுத்தவர்கள் ஆட்டம் முடிந்ததும் விருந்து வைக்க வேண்டும். ஜெயித்தவர்கள் அந்தப் பந்தை எடுத்துக்கொள்வார்கள்.

நாங்கள் கிரீன்பாயிண்ட் கப்பல் பட்டறையில் கலப்பத்து அடிப்பவர்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் தார்ச்சணலைத் திணித்து, உளி வைத்துக் கொட்டாப்புளியால் அடித்து இறுக்குவோம். கப்பலுக்குள் தண்ணீர் வராமலிருப்பது எங்கள் கையில். பத்து மணி நேரம் அடித்துவிட்டு இறங்கினால் பெண்டாட்டி கூப்பிடுவது காதில் விழாது. மாலையில் ஆட உடம்பில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் விடியற்காலை நாலரைக்கு, பட்டறைக்குப் பின்னாலிருந்த புல்வெளியில், ஏழு மணிக்கு வேலை மணி அடிக்கும்வரை ஆடுவோம்.

நான்கு கிளப்புகளுக்குக் கடிதம் போட்டோம். மூன்று பேர் பதிலே எழுதவில்லை. நான்காவது கிளப்பின் செயலாளர், "தங்கள் உறுப்பினர்களுக்கு மதிய வேளைகளில் ஓய்வு உண்டா?" என்று கேட்டு எழுதியிருந்தார். எங்கள் கேப்டன் ஹியூ ஷெவ்லின் அதை உரக்கப் படித்துவிட்டு, "இருக்குப்பா, செத்தா இருக்கு" என்றார்.

ஆட்டம் கிடைக்காத கிளப் தண்ணீரில் இறக்காத கப்பல் மாதிரி. மரம் காய்ந்து தானாகப் பிளந்துவிடும். பத்தொன்பது பேராக ஆரம்பித்தோம், பதினோரு பேர் மிஞ்சினோம். எத்தனை நாளைக்குத்தான் உன் மூக்கை நானும் என் மூக்கை நீயும் பார்த்துக்கொண்டு ஆடுவது?

விடாமல் கடிதம் போட்டதில், மூன்றாம் வருடம் ஜூன் கடைசியில் ஹாத்தோர்ன் கிளப்பிலிருந்து சம்மதம் வந்தது. அவர்கள் காப்பீட்டு ஆபீஸ் குமாஸ்தாக்கள். கேப்டன் பெயர் தெரன் லெட்யார்ட். ஜூலை பன்னிரண்டு, பெட்ஃபோர்ட் பக்கம் அவர்களுடைய மைதானம், மதியம் மூன்று மணி. அன்று எங்கள் பட்டறையில் ஒரு கப்பலைத் தண்ணீரில் இறக்கும் நாள். இறக்கிவிட்டால் மதியத்துக்குமேல் வேலை இல்லை. இரண்டும் ஒரே நாளில் பொருந்தியது.

பந்து செய்யும் பொறுப்பு என்னுடையது. பழைய ரப்பர் காலணியை வெட்டி உருக்கி நடுவில் உருண்டையாக வைத்து, அதன்மேல் நூலைச் சுற்றி, சேணம் தைப்பவரிடம் கொடுத்து வெள்ளைத் தோல் போர்த்த வேண்டும். கம்பளி நூல் என்று விதித்தாளில் இருந்தது எனக்குத் தெரியும். ஆனால் விடியற்காலைப் புல்லில் பனி இருக்கும். கம்பளி பனியைக் குடித்து நாலு அடியில் ஊறவைத்த ரொட்டியாகிவிடும். தார்ச்சணல் கடலையே உள்ளே விடாது, பனியையா விடும்? முதல் வருடத்திலிருந்தே எங்கள் பந்துகளுக்கு உள்ளே சணல்தான். இந்த ஆட்டத்துக்குப் புதுப் பீப்பாயை உடைத்து, நல்ல பிசுபிசுப்பான சணலாக எடுத்து, என் பலம் முழுதும் போட்டு இறுக்கிச் சுற்றினேன். மறுநாள் விடியற்காலை ஷெவ்லின் அதை மட்டையால் அடித்துப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கு, மலாக்கி. சபாஷ்" என்றார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

ஜூலை பன்னிரண்டு அன்று வெயில் நெருப்பாகக் கொட்டியது.

அவர்கள் வெள்ளைச் சட்டை, நீலக் காற்சட்டை. நாங்கள் வேலைச் சட்டையைத் துவைத்துப் போட்டிருந்தோம். நடுவராக வேறு கிளப்பிலிருந்து டாக்டர் கோல் என்ற பெரியவர் வந்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதலில் இருபத்தோரு ஓட்டம் எடுப்பவர்களுக்கு ஆட்டம்.

ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. வெயில் ஏற ஏற அவர்களுடைய பந்து எறிபவன் திணற ஆரம்பித்தான். புரூஸ்டர் என்று பெயர், சிவந்த முகம். இடுப்புக்குக் கீழே கையை வீசி எறிவான். பந்து அவன் விரலை விட்டுப் போகவே இல்லை. போகும்போது தரையில் குத்தியது, இல்லையென்றால் எங்கள் ஆளின் தலைக்குமேல் பறந்தது. எங்களுக்கோ கையில் தார் இல்லாத நாளே கிடையாது. ஒட்டுகிற பொருளை எப்போது விட வேண்டும் என்று விரலுக்குத் தெரியும். பதிமூன்று ஓட்டம் எங்களுக்கு, ஏழு அவர்களுக்கு.

அப்போது புரூஸ்டர் தன் சட்டையைப் பார்த்தான். மார்பெங்கும் பழுப்புக் கைத்தடம்.

"என்னய்யா இது? பந்துல என்னத்தத் தடவிவச்சிருக்கீங்க?"

எங்கள் ஆள் ஒருவன் விடவில்லை. "எறியத் தெரியாதவன் பந்தைக் குத்தம் சொல்வான்."

"எறிய விட்டாத்தானே! ஒட்டுதுடா! ஏமாத்துக்காரப் பயலுகளா, இதுக்குத்தான் கடுதாசி மேல கடுதாசி போட்டீங்களா?"

ஷெவ்லின் மட்டையைக் கீழே போட்டுவிட்டு அவனை நோக்கி நடந்தார். அடிதடி ஆனால் சாயங்காலமே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு புரூக்ளினில் ஒரு நாய்கூட எங்களோடு ஆடாது.

டாக்டர் கோல் பந்தை வாங்கிப் பார்த்தார். தையல் வழியாகத் தார் கசிந்து வெள்ளைத் தோலில் வரிவரியாக ஓடியிருந்தது. பேனாக்கத்தியை எடுத்து இரண்டு தையலை அறுத்தார். உள்ளேயிருந்து பழுப்புச் சணல் எட்டிப் பார்த்தது. அந்த வாசனை எனக்குத் தாய்ப்பால் வாசனை மாதிரி. அன்றைக்கு அதுவே குமட்டியது.

"கம்பளி நூல்னு விதி இருக்கு" என்றார் டாக்டர். "மிஸ்டர் லெட்யார்ட், நீங்க கேட்டா ஆட்டத்தை உங்களுக்கே கொடுத்துடுவேன். வேற வழி எனக்கு இல்ல."

லெட்யார்ட் நெட்டையான, மெலிந்த மனிதர். மெதுவாகப் பேசுவார். "யார் செஞ்சது?" என்றார்.

ஷெவ்லின் வாயைத் திறப்பதற்குள் நான் முன்னால் போனேன். "நான்தாங்க. மலாக்கி டூஹி. இவங்க யாருக்கும் இதுல பங்கு இல்ல."

"விதி தெரியுமா?"

"தெரியும்ங்க. கம்பளி பனியில ஊறிப்போகும். சணல் ஊறாது."

"பனியா? ஜூலை மாசம் மூணு மணிக்கு எங்கய்யா பனி?"

"நாங்க ஆடுறது காலையில நாலரைக்குங்க. ஏழுக்கு மணி அடிச்சிரும்." டாக்டர் கையிலிருந்த பந்தைக் காட்டினேன். "இந்தப் பந்தை நாங்க வெயில்ல பாத்ததே இல்லீங்க. இன்னைக்குத்தான் மொதல்ல பாக்குறோம்."

அவர்கள் பக்கத்தில் ஒருவன் சிரித்தான். நக்கல் சிரிப்பு இல்லை. அடக்க முடியாமல் வந்தது. அதைக் கேட்டு எங்கள் பக்கமும் ஒருவன் சிரித்தான். லெட்யார்ட் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் கறுப்பு. உள்ளங்கை முழுதும் மரப்பட்டைபோலக் காய்ப்பு.

"புரூஸ்டர், இவர் கைய வந்து பாரு. ஏமாத்துறவன் கை இப்படியா இருக்கும்?"

"கை எப்படி இருந்தா என்ன அண்ணே, விதின்னு ஒண்ணு இருக்குல்ல? ஆட்டம் நமக்கு. வாங்க போவோம்" என்றான் புரூஸ்டர்.

அவன் சொன்னது நியாயம். இன்றுவரை அதை மறுக்க மாட்டேன்.

லெட்யார்ட் டாக்டரிடம் திரும்பினார். "நான் ஆட்டத்தைக் கேக்கலீங்க. ஓட்டத்தையெல்லாம் அழிச்சிருங்க. எங்க பந்து ஒண்ணு இருக்கு. ஒண்ணுமில்லாததுலேருந்து ஆரம்பிப்போம். இருட்டுறதுக்கு மூணு மணி நேரம் இருக்கு."

"அண்ணே!"

"சும்மா இருடா. நாளைக்கு ஆபீஸ்ல எப்படி ஜெயிச்சேன்னு கேட்டா என்ன சொல்வ? சணலைப் பாத்துக் கண்டுபிடிச்சேன்னா? ஆடி ஜெயிப்போம், வா."

ஷெவ்லின் தொப்பியைக் கழற்றினார். அந்த ஆள் மேஸ்திரிக்கே தொப்பி கழற்றாதவர்.

அவர்கள் பந்து எங்கள் கைக்கு வழுக்கியது. ஒட்டாத பந்தைப் பிடித்துப் பழக்கமில்லை. நான் மட்டும் இரண்டு கேட்ச் விட்டேன். புரூஸ்டரோ, பந்து விரலை விட்ட சந்தோஷத்தில் பேய் மாதிரி எறிந்தான். ஒருமுறை பதினெட்டுக்குப் பதினெட்டு என்று வந்தோம். கடைசியில் இருபத்தொன்று, பதினெட்டு. தோற்றோம். வெளுத்து வாங்கப்பட்டுத் தோற்கவில்லை, ஆடித் தோற்றோம்.

வழக்கப்படி இரு பக்கமும் வரிசையாக நின்றோம். லெட்யார்ட் தொண்டை கிழிய, "நங்கூரம் கிளப்புக்கு" என்று கத்தினார். அவர்கள் ஒன்பது பேரும் மூன்று முறை ஆரவாரம் செய்தார்கள். எங்கள் கிளப்பின் பெயரை வேற்று ஆள் வாயிலிருந்து அன்றுதான் முதல் தடவை கேட்டேன். நான் பேசுகிற ஆள் இல்லை. திரும்பி நின்று மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

விருந்து மிஸஸ் ஓப்டைக்கின் சத்திரத்தில். சாப்பாட்டுக்கு முன்னால் பின்கட்டில் கிணற்றடியில் குமாஸ்தாக்கள் சோப்பைப் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தோல் சிவந்ததே ஒழிய தார் அசையவில்லை.

"சோப்பு போட்டா இன்னும் உள்ள போகும்ங்க" என்றேன். சமையலறைக்குள் போய், "அம்மா, பன்றிக் கொழுப்பு இருக்கா? ஒரு சட்டி குடுங்க" என்று வாங்கி வந்தேன்.

பிறகு நடந்தது பார்க்க வேடிக்கையாக இருந்திருக்கும். குமாஸ்தாக்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து கையை நீட்ட, கலப்பத்துக்காரர்கள் எதிரில் குந்தி, கொழுப்பைத் தடவி, விரல் விரலாக உருவி, துணியால் துடைத்தோம். தார் வெண்ணெய் மாதிரி கழன்று வந்தது.

"அட, எவ்வளவு மெத்துன்னு இருக்கு இந்தக் கை! எம் பொண்டாட்டி கைகூட இப்படி இல்ல" என்றார் ஷெவ்லின்.

"வீட்டுல போய்ச் சொல்லிப் பாருங்க கேப்டன்" என்றார் லெட்யார்ட். பெஞ்சு முழுக்கச் சிரிப்பு.

புரூஸ்டர் கடைசியில் வந்து என் எதிரில் உட்கார்ந்தான். முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினான். நான் கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்தேன்.

"சட்டைக் கறை போகுமா?" என்றான்.

"போகாது. அது நம்ம ரெண்டு பேருக்கும் நெனப்பு."

அவன் உதட்டோரம் கொஞ்சம் இளகியது.

லெட்யார்ட் தன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "மறு ஆட்டம் எப்ப?"

ஷெவ்லின்தான் சொன்னார். "அடுத்த கப்பல் எறங்க நாலு மாசமாகும் மிஸ்டர் லெட்யார்ட். அதுவரைக்கும் எங்களுக்கு மத்தியானம் கெடையாது."

"காலை இருக்குல்ல?"

"காலைன்னா நாலரைங்க. உங்களுக்கு அது..."

"நாலரைக்குச் சேவல்கூட எந்திரிக்காது!" என்றான் புரூஸ்டர்.

"எங்க தெருச் சேவலு எங்களப் பாத்துத்தான் எந்திரிக்கும்" என்றேன், அவன் சுண்டுவிரலை உருவிக்கொண்டே.

லெட்யார்ட் நாட்குறிப்பை எடுத்துத் தேதி குறித்தார். கொழுப்புக் கறை அந்தத் தாளில் ஊறியது. "பந்து நீங்கதான் கொண்டுவரணும். இந்தத் தடவ நாங்கதான் சவால் விடுறோம்னாலும், காலைப் பந்து உங்க சணல் பந்தாவே இருக்கட்டும்" என்றார்.

அதற்கப்புறம் நான் நாற்பது வருடம் இந்த ஊரில் கிடந்தேன். பலர் எனக்கு உதவி செய்திருக்கிறார்கள், செய்ததைச் சொல்லியும் காட்டியிருக்கிறார்கள். லெட்யார்ட் கடைசிவரை அந்த மதியத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போயிருந்தால் அன்றோடு நங்கூரம் கிளப் முடிந்திருக்கும். அவர் போகவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.

அந்த ஜூலை இருபத்தாறாம் தேதி விடியற்காலை, புல்லில் கணுக்கால் நனையும் அளவு பனி. ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. ஒன்பது பேரும் வந்திருந்தார்கள். பாதித் தூக்கத்தில் புரூஸ்டர் சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி மாட்டியிருந்தான். நாங்கள் பதினோரு பேரும் பார்த்தோம். ஒருவரும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.