வள்ளம் தள்ளும்போது

என் வீட்டுக்காரர் இஞ்ஞாசியைப் பேடி, பயந்தாங்கொள்ளி என்று முதலில் சொன்னது ஊர் இல்லை, நான்தான். அதை நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

சுனாமி வந்து மூன்று மாதம் கழித்து எங்கள் ஊர் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கியது. இவரும் மற்றவர்களோடு வயிற்றை முட்டுக்கொடுத்து வள்ளத்தைத் தள்ளுவார். அது தண்ணீரைத் தொடுவதற்குள் முகம் வெளுத்து, சட்டை நனைய வியர்த்து, நெஞ்சைப் பிடித்தபடி மணலில் உட்கார்ந்துவிடுவார். கால் மணி நேரத்தில் சரியாகிவிடும். அதற்குள் வள்ளம் போயிருக்கும்.

சுனாமிப் பயம் என்றார்கள். ஆறுதல் சொல்ல வந்த மடத்துச் சிஸ்டரும் அதையே சொன்னார். பிள்ளையைப் பறிகொடுத்தவனே கடலுக்குப் போகிறான், இவருக்கு என்ன கேடு? ஒரு வருடம் தினமும் விடியுமுன் நான்தான் விரட்டி அனுப்பினேன். பிறகு விட்டுவிட்டேன். நான் மார்த்தாண்டம் சந்தையில் மீன் விற்றேன், அவர் வீட்டில் கிழிந்த வலைகளைத் தைத்தார்.

2011இல் ஒருநாள் குடத்தைத் தூக்கக் குனிந்தவர் அப்படியே விழுந்தார். திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனோம். பிரஷர் இருநூற்று நாற்பது.

"இப்பிடி வெளுத்து வேர்க்கிறது எப்போ வரும்?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"வள்ளம் தள்ளும்போ," என்றேன், நக்கலாகத்தான்.

"கடலப் பாத்தா வராதா?"

யோசித்தேன். தினமும் சாயங்காலம் கடப்புறத்தில் அலையைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார். அப்போது ஒருநாளும் வந்ததில்லை. "இல்ல, அப்போ வராது," என்றேன்.

இடது சிறுநீரகத்துக்கு மேலே அட்ரீனல் சுரப்பியில் கட்டி. பயந்தால் உடம்பில் சுரக்கிற நீரை அது சும்மாவே சுரந்துகொண்டிருந்ததாம். வயிறு அமுங்கினால் இன்னும் கொட்டுமாம். இரண்டு வாரம் மாத்திரை கொடுத்துப் பிரஷரை இறக்கினார்கள். பிறகு, வயிற்றைக் கிழிக்காமல், விலாவுக்குக் கீழே நான்கு துளை போட்டு, காமிரா விட்டுச் சுரப்பியோடு எடுத்தார்கள்.

"இஞ்ஞாசிக்க பைஸ்டாண்டர் ஆரு?" என்று நர்ஸ் கூப்பிட்டாள். எடுத்ததைக் கூட வந்தவர்களுக்குக் காட்டுவது அங்கே வழக்கம். ஸ்டீல் தட்டில் ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுக்குக் கிடந்தது. ஆயிரம் மீனின் குடலை எடுத்த கை என்னுடையது. அதைத் தொட மட்டும் கை நீளவில்லை.

"இத உள்ள வச்சுக்கிட்டா இவரு வள்ளம் தள்ளினாரு? கடப்புறத்திலேயே உயிரு போயிருக்கும்," என்றார் டாக்டரம்மா.

ஒரு வருடம் அவரைத் தினமும் சாவுக்கு அனுப்பியிருக்கிறேன், வசவும் சேர்த்து.

மூன்றாம் நாள் அவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். எனக்குத் தாங்கவில்லை.

"உடம்புக்குத்தான் என்னமோன்னு ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?" என்றேன்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. கஞ்சியை ஊதிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னார்.

"மொதல்ல நானும் அப்பிடித்தான் நெனச்சேன், ஏட்டி. எனக்க கெட்டியவளே பேடின்னு சொன்னப்பொறவு, பேடியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."