ஆசியாவின் சீரணி

"அவளப் பின்னாடி ரூம்ல விட்டுக் கொண்டியப் போடு. வந்தவங்க திரும்பிப் போற வரைக்கும் சத்தம் வெளிய வரக் கூடாது. பஸ், அவ்வளவுதான்!"

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார் அப்துல் குத்தூஸ். கீழக்கரையிலிருந்து கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்து அபர்தீன் பஜாரில் ஜவுளிக்கடை வைத்தவர். அவருடைய தங்கை நசீராவைப் பெண் பார்க்க, மெட்ராஸ் கப்பலில் வந்திறங்கிய மாப்பிள்ளை வீட்டார் அன்று மாலை வருகிறார்கள்.

மனைவி மஸூதா அடுப்பில் அல்வாவுக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரத்துக்கு முன்புதான் அவளுடைய பதினொரு வயது மகள் ஆசியா, குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூராவை முதல் தடவையாக முழுதாக ஓதியிருந்தாள். மதரஸாவில் ஒரே மாதத்தில் "இவளுக்கு ஏறாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அரிசி களையும்போதும் துணி அலசும்போதும் மஸூதாவே சொல்லிக்கொடுத்தாள். மூன்று வருடம். ஏழு வசனங்களில் நாலாவது ஆயத்துக்கு மட்டும் எட்டு மாதம்.

"மத்த புள்ளைங்க குர்ஆன் முடிச்சா தெருவுக்கே சீரணின்னு இனிப்பு கொடுக்குறாங்கல்ல? இவளுக்கு இதுதாங்க அந்த நாளு."

"ஏழு ஆயத்துக்குச் சீரணியா? தமாஷா பண்ணாத. நமக்குப் புள்ளையே இல்லன்னு அவங்களுக்கு லெட்டர்ல எழுதிட்டேன். இவ இருக்குறது தெரிஞ்சா, ரத்தத்துலயே கோளாறுன்னு நசீராவ வேணாம்பாங்க. அல்வாவ வந்தவங்களுக்கு வையி."

மஸூதா கொண்டியைப் போட்டாள். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"உம்மா, நான் நல்லாத்தானே ஓதுனேன்?"

மஸூதா அடுப்பருகே திரும்பிப் போனாள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஆண்கள் முன்னறையில் உட்கார்ந்தார்கள். திரைக்கு உள்ளே, சரிகைச் சேலையில் குனிந்திருந்த நசீராவைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையின் தாய் அல்வாவை எடுத்தாள்.

"நல்லா இருக்கும்மா. ஒனக்கு எத்தன புள்ளைங்க?"

முன்னறையில் குத்தூஸின் பேச்சு நின்றது.

இல்லை என்ற ஒரு சொல் போதும். அதைச் சொல்ல வாயும் திறந்தாள்.

"ஒரு பொண்ணு இருக்கா. இன்னக்கி அல்ஹம்து சூரா ஓதி முடிச்சா. நீங்க சாப்புடுறது அவளோட சீரணிதான்."

எழுந்து போய்க் கொண்டியை நீக்கினாள்.

ஆசியா கூட்டத்தைப் பார்த்து மிரண்டு நின்றாள். உம்மா தலையசைத்ததும் ஓதத் தொடங்கினாள். நாலாவது ஆயத்தில் நின்றுவிட்டாள். உதடு மட்டும் அசைந்தது. மாப்பிள்ளையின் தாய் தட்டைக் கீழே வைத்தாள்.

தலை குனிந்திருந்த நசீரா எழுந்து வந்து ஆசியாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். எடுத்துக் கொடுக்கவில்லை, கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். ஆசியா மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக ஏழையும் முடித்தாள்.

"ஆமீன்" என்று சொன்னது மஸூதா ஒருத்திதான்.

"கலந்து பேசிட்டு எழுதுறோம்" என்று வந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். அவர்கள் படியிறங்கியதும் குத்தூஸ் உள்ளே பாய்ந்தார்.

"ஒன் வாழ்க்கைய ஒன் மதினி நாசமாக்கிட்டா, நசீரா!"

"நாளைக்கு எனக்கு இப்படி ஒரு புள்ள பொறந்தா, அந்த வூட்டுல அதுக்கும் கொண்டிதான் போடுவாங்க காக்கா. இன்னக்கே தெரிஞ்சுபோச்சு" என்றாள் அண்ணனிடம்.

மிச்ச அல்வாவைத் தட்டில் எடுத்துக்கொண்டு, அதே சரிகைச் சேலையோடு ஆசியாவைக் கூட்டிக்கொண்டு அவள் தெருவில் இறங்கினாள். குத்தூஸ் வாசல் வரை ஓடிவந்தார். வீடு இருந்த மரைன் ஹில் சரிவில் அக்கம்பக்கத்தார் நின்று பார்த்தார்கள். அவரால் கத்தவும் முடியவில்லை.

மூன்றாவது வீட்டு வங்காளி அம்மாள் ஏழு வருடமாக அந்தத் தெருவில் இருப்பவள். அல்வாவை வாங்கிக்கொண்டு ஆசியாவின் கன்னத்தைத் தொட்டாள்.

"கித்னி பியாரி! கிஸ்கி பேட்டி ஹை?"

எவ்வளவு அழகு, யார் வீட்டுப் பெண் என்று கேட்கிறாள். நசீரா பதில் சொல்லுமுன் ஆசியா திரும்பி, மேலே வாசலில் நின்ற மனிதரை நோக்கிக் கை நீட்டினாள்.

"அது எங்க வாப்பா."