மேல் பாகம் இருபத்தைந்து

'டொங்!' என்று அலறியது கம்ப்யூட்டர். தையற்காரி கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே போட்டாள். சோபாவில் தூங்கிக்கொண்டிருந்த அவள் கணவர் அடித்துப் பிடித்து எழுந்து, காலால் பிரேக்கைத் தேடினார். பேருந்து ஓட்டுநர், தூக்கத்திலும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

"போகமாட்டேங்குது அண்ணி" என்றாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த நாத்தனார். பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிற வேலை அவளுக்கு. தினமும் எட்டு மணி நேரம் கம்ப்யூட்டரைத் தொடுகிறவள் என்பதால், வீட்டில் அந்தத் துறைக்கு அவள்தான் மந்திரி.

தையற்காரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நாடகக் குழு உடை தைக்க ஆள் கேட்டிருந்தது. குழுவோடு நான்கு மாதம் ஊர் ஊராகப் போக வேண்டும். தைத்த உடைகளின் படங்களை இன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். பதினாறு வருடமாக அடுத்தவர் பேண்ட்டுக்குக் கால் மடித்துத் தைத்தவளுக்கு, ராஜாவுக்குத் தைக்க ஒரு வாய்ப்பு. மணி பதினொன்று பத்து.

"என்னதான் சொல்லுது அது?"

நாத்தனார் திரையில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "அளவு பெரிது. இருபத்தைந்து எம்.பி.க்கு மேல் இணைக்க முடியாது."

"எம்.பி.ன்னா?"

மந்திரிக்கு வியர்த்தது. தெரியாது என்று சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. "அது… அளவு அண்ணி. அளவுன்னா உங்களுக்குத் தெரியாதா?"

தையற்காரி தன் அளவு நோட்டைப் புரட்டினாள். அதில் மா என்றால் மார்பு, இ என்றால் இடுப்பு, கை.நீ. என்றால் கை நீளம். சட்டென்று அவள் முகம் தெளிந்தது. "எம்.பி. மேல் பாகம்! மேல் பாகம் இருபத்தஞ்சு அங்குலத்துக்கு மேல வேண்டாங்கிறாங்க. நம்ம ராஜா கோட்டு முழங்கால் வரைக்கும் நாப்பத்திரண்டு இருக்கே, அதான் துப்புது!"

"அதேதான், நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றாள் நாத்தனார்.

"நாடகக்காரங்களுக்கு இவ்வளவு கஞ்சத்தனமா? இருபத்தஞ்சு அங்குலத்துல ராஜாவுக்குத் தொப்புள்ல காத்தடிக்குமே" என்றார் ஓட்டுநர்.

"வாயை மூடிக்கிட்டு இங்க வந்து நில்லுங்க."

வெட்ட அவளுக்கு மனம் வரவில்லை. ஜரிகை வைத்த வெல்வெட், இரண்டு மாத உழைப்பு. தொங்கும் பகுதியை உள்பக்கமாக மூன்று மடிப்பு மடித்து, வெளியே தெரியாமல் நூல் ஓட்டினாள். ஒரு முனையை இழுத்தால் மொத்தமும் பிரிந்துவிடும் ஓட்டுத் தையல். இருபது நிமிடத்தில் ராஜாவின் நீளக் கோட்டு காவல்காரன் போடுகிற குட்டைச் சட்டையாகிவிட்டது. கணவருக்கு அதை மாட்டி, அளவு நாடாவைப் பிடித்தாள். சரியாக இருபத்தைந்து.

"மூச்சை உள்ள இழுங்க. தொப்பை தெரியுது."

"பதினஞ்சு வருஷமா நீ போட்ட சாப்பாடு. ஒரு மூச்சுல எங்க போகும்?"

"அண்ணே, அசையாதே. இங்க பாரு" என்று நாத்தனார் கைப்பேசியில் படம் எடுத்து, அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள்.

முதலில் ஆறு படங்களை மொத்தமாகச் சேர்த்து அனுப்பப் பார்த்தவள், இந்தமுறை இந்தப் படத்தை மட்டும் தேர்ந்தெடுத்தாள். அவசரத்தில் விரல் தவறி, பக்கத்தில் இருந்த இன்னொரு படத்திலும் பட்டது. அதைக் கவனிக்காமல் 'அனுப்பு' என்பதை அழுத்தினாள். 'டொங்' இல்லை. அனுப்பப்பட்டது என்று வந்தது. மணி பதினொன்று ஐம்பத்தேழு.

"பாத்தீங்களா? இருபத்தஞ்சுன்னதும் வாயைத் திறக்காம வாங்கிக்கிச்சு!" என்று துள்ளிய தையற்காரி, திரையைப் பார்த்ததும் நின்றாள். "ஐயோ, பழைய நீளக் கோட்டும் சேந்து போயிருக்கே! நாப்பத்திரண்டு! என் தலையில மண்ணைப் போட்டியேடி!"

"பூவோட சேந்த நார் மாதிரி அதுவும் ஒட்டிக்கிட்டுப் போயிருக்கும் அண்ணி" என்று நாத்தனார் நழுவி அடுப்படிக்குள் போனாள்.

கால் மணி நேரம் போனது. ஓட்டுநர் கோட்டைக் கழற்றக்கூட மறந்து நின்றார். அப்போது கைப்பேசி அடித்தது. தையற்காரி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"நாடகக் குழுவுலேருந்து பேசறேன்" என்றது ஒரு பெண் குரல். "ரெண்டு படத்துலயும் இருக்கிறது ஒரே கோட்டுதானே?"

"மன்னிச்சிடுங்க மேடம், அந்தப் பெருசு தெரியாம…"

"வெட்டாமலா குட்டையாக்கினீங்க? எவ்வளவு நேரத்துல பிரிக்கலாம்?"

"ஒரு இழுப்பு மேடம்."

மறுமுனையில் யாரோ கை தட்டினார்கள். "எங்க கதையில ராஜா நாட்டைத் தோத்துட்டு, அதே அரண்மனைக்குக் காவல்காரனா வர்றார். கடைசியில மேடையிலேயே திரும்ப ராஜா ஆகணும், உடை மாத்த அரை நிமிஷம்தான். முப்பது பேர் படம் அனுப்பினாங்க, ஒருத்தருக்கும் இது தோணலை. திங்கக்கிழமை வந்துடுங்க. ஆமா, கோட்டைப் போட்டிருக்காரே, அவர் நடிகரா? எல்லாத்தையும் இழந்தவர் மாதிரி கண்ணு கலங்கி நிக்கிறாரே!"

"எங்க வீட்டுக்காரர் மேடம். எங்கேயாவது குண்டூசி குத்தியிருக்கும்" என்று சிரித்துக்கொண்டே போனை வைத்தாள் தையற்காரி. பிறகு பதறிப்போய்க் கோட்டின் விளிம்பைத் தடவினாள். "எங்கங்க குத்துச்சு? சொல்லக்கூடாதா?"

ஓட்டுநர் இழுத்துப் பிடித்திருந்த மூச்சை மெல்ல விட்டார்.

"நீ குண்டூசியே வைக்கலம்மா. நீ இல்லாத வீட்டுக்கு ஷிஃப்ட் முடிஞ்சு வர்றதை நினைச்சுப் பாத்தேன்… அதுதான் குத்திடுச்சு."