ஆறடி இரண்டு அங்குலத் தண்ணீர்

எங்கள் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் வெள்ளம் வந்தபோது ஒரு கழுதை மிதந்து வந்து மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தது. யாரும் எழுப்பவில்லை. அதற்கப்புறம் ஒரு நாள்கூட லீவு போடாததால் அந்த வருடம் அதுவும் பாஸ். தலைமையாசிரியரின் நாற்காலி மட்டும் தண்ணீரோடு அடுத்த தெரு வரை போய், அங்கேயும் நாலு பேரைச் "சத்தம் போடாதே" என்று அதட்டிவிட்டுத் திரும்பி வந்தது. ஆய்வுக்கூட உதவியாளனாக முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவன் நான். நானா பொய் சொல்வேன்?

நம்பாதவர்களுக்காக ஆய்வுக்கூடச் சுவரில் ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது. தரையிலிருந்து ஆறடி இரண்டு அங்குலம். பக்கத்தில் "வெள்ளம் இதுவரை" என்று எழுதி அம்புக்குறியும் போட்டிருக்கும். ஸ்டூல் மேல் ஏறிப் பெயிண்ட் அடித்தது யார் என்று யாரும் கேட்டதில்லை. அப்போதிருந்த வாத்தியார்கள் மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ போய்விட்டார்கள். நானும் ஓய்வு பெற்றவன்தான். ஆனால் பள்ளி மேடையில் திரை தூக்கும் பழைய கப்பிகள் என் கைக்கு மட்டுமே பணியும் என்பதால், மேடையில் ஏதாவது என்றால் ஆள் அனுப்புவார்கள்.

இந்த வருடம் ஆள் அனுப்பியது புதிதாக வந்த நாடக டீச்சர். பள்ளிக்குப் பின்னால் பள்ளமான ஒரு திடல் உண்டு. மழைத் தண்ணீர் போய் உட்காரும் இடம் அது ஒன்றுதான். அதில் பாதியை எப்போதோ இடிபாடு கொட்டி மேடாக்கிவிட்டார்கள். மீதிப் பாதிக்கும் சிமென்ட் போட்டு வண்டி நிறுத்தும் இடமாக்க நகராட்சி முடிவெடுத்திருந்தது. வேண்டாம் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மனு எழுதினார்கள். பதில் இல்லை.

"மனுவை மடிச்சு வெச்சிருவாங்க. நாடகத்தை மடிக்க முடியாதே, உக்காந்து பாத்துத்தானே ஆகணும்" என்றார் டீச்சர். கையெழுத்துப் போட வேண்டிய இன்ஜினியரை வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு அழைத்தார்கள். அவரும் வருவதாகச் சொல்லிவிட்டார்.

நாடகத்துக்கு ஒரு வெள்ளக்கதை வேண்டுமாம். என்னிடம் இல்லாத வெள்ளமா!

பிள்ளைகள் நான் சொன்னதையெல்லாம் வரி விடாமல் எழுதிக்கொண்டார்கள். கழுதை வேஷத்துக்கு மூன்று பேருக்குள் அடிதடி. ஒரு பையன் மேகம். "முன்னெல்லாம் ஒரு மாசம் பெஞ்சேன். இப்ப உலகமே கொதிக்குது. எல்லாத்தையும் ஒரே மத்தியானத்துல கொட்டிட்டுப் போன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்று இடுப்பில் கைவைத்துக் கேட்பான். ஒரு பெண் திடல். "என்னைக் காலி இடம்னு சொல்லாதீங்க. தண்ணி வந்து தங்குற வீடு நான்" என்பாள். அந்த வசனத்தை அவளே எழுதினாள்.

தண்ணீருக்கு நீலத் துணி. நீளமான மூங்கில் கழியில் தைத்து, இரண்டு பக்கமும் கயிறு கட்டிக் கப்பியில் மாட்டினோம். நான் கயிற்றை இழுத்தால் மேடைத் தரையிலிருந்து தண்ணீர் ஏறும். முதல் ஒத்திகையில் ஆறடி இரண்டு அங்குலத்துக்கு ஏற்றினேன். மேடையில் ஒருவரும் தெரியவில்லை. துணிக்குப் பின்னாலிருந்து கழுதை மட்டும் கத்தியது.

"சரி, உண்மை அதுதானே. அப்படியே இருக்கட்டும்" என்றார் டீச்சர்.

துணியைத் தைத்துக் கொடுத்தவர் ஒரு தையல்காரர். அவர் மகள்தான் நாடகத்தில் கதை சொல்பவள். அப்பாவின் அளவு டேப்பை எந்நேரமும் கழுத்தில் போட்டிருப்பாள், அதனால் பட்டப்பெயர் இஞ்சு. வியாழக்கிழமை ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து கப்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். வந்து நின்றாள்.

"தாத்தா, அந்த மர பீரோ எத்தனை வருஷமா இங்க இருக்கு?"

"நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே இருக்கு. ஏன், விலைக்குக் கேக்கறியா?"

"அதுல தண்ணிக் கறை இருக்கு. அளந்தேன். ஒரு அடி பதினோரு இஞ்சு. அதுக்கு மேல பாலிஷ் அப்படியே இருக்கு."

"பீரோ மிதந்திருக்கும்மா. ஆறடித் தண்ணியில மரம் கீழயா நிக்கும்?"

"மிதந்தா ஆடும். ஆடினா கறை கோணலா விழும். இது எங்கப்பா மடிச்சுத் தைச்ச ஓரம் மாதிரி நேரா இருக்கு."

"அப்ப அது ஒழுக்கமான தண்ணிதான் போல."

அவள் சிரிக்கவில்லை. "இன்ஜினியர் சார்கிட்டயும் டேப் இருக்கும் தாத்தா. கோடு பொய்னு தெரிஞ்சா நாடகம் பூராப் பொய்ம்பார். சிமென்ட் போட்டுருவாங்க. எங்க தம்பி ஒண்ணாங்கிளாஸ். அவன் கிளாஸ் திடலை ஒட்டித்தான் இருக்கு."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல. நீங்களே சொல்லுவீங்கன்னு வந்தேன்." வாசல் வரை போனவள் திரும்பினாள். "முழங்கால் தண்ணிக்கு எதுக்கு தாத்தா பொய்?"

அவளுக்குப் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

என் மனைவி இதே பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு ஆயா. அன்று மத்தியானம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. திடலில் பாதி மேடாகிவிட்டதால் தண்ணீருக்குப் போக இடமில்லை, வகுப்புக்குள் வந்தது. பிள்ளைகளை இடுப்பிலும் தோளிலுமாகத் தூக்கி மாடிக்கு ஏற்றினாள். எண்ணிப் பார்த்தால் இருபத்துமூன்று. இருபத்துநாலு இருக்க வேண்டும். அந்த ஒருவனை அவன் மாமா முன்பே வந்து அழைத்துப் போயிருந்தார். அதை அவளிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தேடிக்கொண்டு மறுபடி இறங்கினாள். வராந்தா ஓரத்துச் சாக்கடையின் மூடி நகர்ந்திருந்தது. கலங்கல் தண்ணீரில் அது யார் கண்ணுக்குத் தெரியும்?

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்கள். "தண்ணி எவ்வளவு இருந்துச்சு?" முழங்கால் அளவு என்பேன். தலையை ஆட்டிக்கொள்வார்கள். பிறகு, "முழங்கால் தண்ணியிலயா?" என்று ஓர் இழுப்பு. அவள்தான் பார்த்து நடந்திருக்க வேண்டும் என்பதுபோல. நகராட்சிப் பதிவிலும் வெள்ளத்தில் இறந்ததாக எழுதவில்லை, தவறி விழுந்து இறந்ததாக எழுதினார்கள். பத்து நாள் கழித்து நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். ஆறடி இரண்டு அங்குலத் தண்ணீரில் போனவளை ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

கழுதையெல்லாம் அப்புறம் வந்ததுதான்.

வெள்ளிக்கிழமை இன்ஜினியர் வந்தார். ஆய்வுக்கூடத்தைத் தாண்டும்போது சிவப்புக் கோட்டை அண்ணாந்து பார்த்து உதட்டுக்குள் சிரித்துக்கொண்டார். மடியில் ஃபைலோடு முன்வரிசையில் உட்கார்ந்தார். அவர் காலடியில் தரையில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள்.

மேகம் பேசியது. திடல் பேசியது. வெள்ளம் வரும் இடம் வந்தது. கயிற்றை இழுத்தேன். நீலத்துணி ஏறியது. கழி என் முழங்காலுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

மூழ்க வேண்டிய பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, கையைத் தூக்கி "ஐயோ, காப்பாத்துங்க" என்று அலறினார்கள். கூடமே சிரித்தது. இன்ஜினியரும்தான். பத்தொன்பது வருடமாக நான் பயந்துகொண்டிருந்தது அந்தச் சிரிப்புக்கு. எதிர்ப் பக்கத்திலிருந்து டீச்சர், "மேல, மேல" என்று கையை ஆட்டினார்.

இஞ்சு என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரி, "தாத்தா, தண்ணி இன்னும் ஏறுமா?" என்றாள்.

"ஏறாதும்மா. அன்னிக்கு இவ்வளவுதான் ஏறுச்சு."

"அப்ப சுவர்ல இருக்கற கோடு?"

"நான் போட்டது."

"இவ்வளவு தண்ணியில என்ன ஆயிரும் தாத்தா?"

"என் வீட்டுக்காரி போயிட்டா."

கயிற்றை விட்டால் தண்ணீர் கீழே விழுந்துவிடும். அதனால் கயிற்றைப் பிடித்தபடியே, எண்ணிக்கை குறைந்ததையும், மாமாவையும், சாக்கடை மூடியையும் சொன்னேன். நாலைந்து வாக்கியம் இருக்கும். எனக்குத் தெரிந்து நான் சொன்னதில் அதுதான் ஆகச் சின்னக் கதை.

சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. இஞ்சு முன்வரிசையைப் பார்த்துக் கூப்பிட்டாள். "டேய், மேல வாடா." அவள் தம்பி ஏறிவந்து துணிக்குப் பின்னால் நின்றான். எனக்கு முழங்கால், அவனுக்குத் தொப்புள்.

"கிளாஸ்ல எப்படி உக்காருவ?"

"கீழதான்" என்று சொல்லி, சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

உச்சி மயிர் மட்டும் தெரிந்தது.

கூடத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள். இன்ஜினியர் எழுந்து நின்றுவிட்டார். "தம்பி, எந்திரிப்பா."

"டீச்சர் சொன்னாத்தான் எந்திரிக்கணும்" என்று தண்ணீருக்குள்ளிருந்து குரல் வந்தது.

நாடகம் முடிந்ததும் இன்ஜினியர் இஞ்சுவிடம் டேப்பை வாங்கி, ஆய்வுக்கூடத்து பீரோவைத் தானே குனிந்து அளந்தார். பிறகு ஃபைலைத் திறந்து என்னிடம் காட்டினார்.

"பழைய பதிவுலயும் ரெண்டடிக்குக் கீழன்னுதான் இருக்கு, பெரியவரே. அதைப் பாத்து, பாதிப்பு ஒண்ணுமில்லன்னு இந்த மாசம் எழுதினது நான்தான்."

என் மனைவியின் பெயரைக் கேட்டு, அந்த வரிக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டார். பிழையில்லாமல் எழுதுகிறாரா என்று எட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் எழுதினார். கையெழுத்துப் போடாமல் போனார்.

திங்கட்கிழமை ஒன்றாம் வகுப்பை மாடிக்கு மாற்றினார்கள். திடலைப் பற்றி இன்னும் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேசட்டும். இதுவரை ஒரு மூட்டை சிமென்ட்கூட இறங்கவில்லை.

சிவப்புக் கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டேன். புதுக்கோடு போட ஸ்டூல் தேவைப்படவில்லை, மண்டியிட வேண்டியிருந்தது. போட்டு முடித்து நிமிர்வதற்குள் இஞ்சு டேப்போடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அரை இஞ்சு கூட இருக்கு, தாத்தா."

"வயசான கை. நடுங்கியிருக்கும்."

"நடுங்கினா கோடு வளையும். இது நேரா இருக்கு."

ஈரம் காய்வதற்குள் துணியால் துடைத்தேன். அவள் டேப்பின் நுனியைத் தரையில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அரை அங்குலம் கீழே, மறுபடி போட்டேன்.